மூத்த நாக்கு

ஜனவரி 9

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. மூன்று வருஷமாகக் கேட்காதவள் திடீரென்று கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் இடது கால் பெருவிரல் நகம் கெட்டுவிட்டது. முதலில் ஓரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளிதான் இருந்தது. எட்டு மணி நேரம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பிஸ்கட் பேக்கிங்கில் நிற்கிறவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன். இப்போது நகம் முழுக்கத் தடித்துப்போய், வெட்டினால் காய்ந்த சோப்பு மாதிரி உதிர்கிறது. பூட்ஸ் அழுத்தினால் உயிர் போகிறது.

தோல் டாக்டரிடம் போனேன். பூஞ்சை மாதிரி இருக்கிறது என்கிறார். எனக்குப் போன வருஷம் சர்க்கரை வந்துவிட்டது. "சர்க்கரை இருக்கிறவங்க நகத்தை அலட்சியமா விடக் கூடாதும்மா. ஓரத்துல ஒரு கீறல் விழுந்தா போதும், புண்ணாகிக் கால் வீங்கிடும்" என்றார். அப்புறம் விரலை விட்டு எண்ணினார். தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதம். அது ஈரலைத் தொந்தரவு செய்யலாம், அதனால் முன்னாலும் நடுவிலும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நகத்தில் பூசுகிற மருந்து. ஒரு வருஷம் பூச வேண்டும், பலருக்குக் கேட்பதில்லை. லேசர் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லும்போதே அவர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக, நகத்தையே பிடுங்கிவிடுவது. "யோசிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

யோசித்தேன். உங்கள் வலது காலில் இதே நகம் இருந்தது. உடை மாற்றுகிற அறையில் என் முன்னால்கூடக் காலை மடித்து மறைத்துக்கொள்வீர்கள். உங்கள் கைப்பையில் மாத்திரை அட்டையையும் பார்த்திருக்கிறேன். என்ன செய்தீர்கள், குணமானதா என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும். நானாகக் கேட்டிருக்க மாட்டேன். என் மகன்தான், "அத்தைகிட்டக் கேளும்மா, உன் ரோஷத்தை நகத்துல காட்டாதே" என்றான்.

இன்னொன்று. ருசி அறைத் தலைவர், நம் 'விசில்', ஓய்வு பெற்றுவிட்டார். ருசி அறைக்குப் புதிதாக ஒரு பெண் தலைமைக்கு வந்திருக்கிறாள். ஏப்ரலில் பரீட்சை வைத்து ஆள் எடுக்கப் போகிறாள். பழைய கோப்புகளைப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டாள். பெயர் கொடுத்துவிட்டேன்.

போனில் பேசினால் நான் பாதியில் வைத்துவிடுவேன். எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஜனவரி 17

குட்டிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நான் நின்ற நிலையைப் பார்த்து மகள் பயந்துபோனாள். "யாரும்மா, ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டாள். "பிஸ்கட் கம்பெனியிலிருந்து" என்றேன். அது பொய் இல்லையே.

சர்க்கரை வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வதுபோல ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். கன்னத்தில் இரண்டு வைக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

நீ ருசி அறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய். அதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அந்த அறை அப்படியே கண்ணில் நிற்கிறது. வரிசையாக எட்டுத் தடுப்புகள், பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தட்டுகள், மூன்று எண்கள். இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுக்காக நாம் எத்தனை பாடு பட்டோம்!

நீ முதல் நாள் வந்தது நினைவிருக்கிறதா? தலையில் வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நின்றாய். விசில் மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்பல் சந்து வழியாக, "ஸ்... சோப்புப் போட்டு அலசிட்டு வரச் சொல்லும்மா உன் நாத்தனாரை" என்றார். குழாயடியில் நான்தான் உன் தலையைத் தேய்த்துவிட்டேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். பேசக் கூடாத அறையில் நீயும் நானும் பலகையைத் தட்டித் தட்டியே பதினெட்டு வருஷம் பேசினோம். ஒரு தட்டு என்றால் 'இருக்கியா?', இரண்டு தட்டு என்றால் 'இதுல என்னமோ இருக்கு'.

உன் அண்ணன் அடுப்புப் பிரிவிலிருந்து புருவத்தில் மாவோடு வருவார். "இந்த வீட்டுல ரெண்டு நாக்கைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன். வெங்காயம் வேணும்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்" என்பார். அவர் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் நான் வார நாளில் வெங்காயம் வெட்டுவதில்லை. யாருக்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வேலை முடிந்து மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கடையில் காபி குடிப்போமே. காலையிலிருந்து நாக்கைப் பட்டினி போட்டுவிட்டு முதல் வாய் குடிக்கும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய். இங்கே எவ்வளவோ கடை இருக்கிறது. துணைக்குத்தான் ஆள் இல்லை.

சரி, நகம். முதலில் டாக்டரிடம் சொல்லி நகத்தை வெட்டி லேபுக்கு அனுப்பச் சொல். தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை. கண்ணால் பார்த்து யாருக்கும் தெரியாது. இரண்டாவது, யார் என்ன சொன்னாலும் வினிகரில் ஊறவைக்காதே. நான் ஊறவைத்தேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "ஊறுகாய் போடுறியா?" என்றார். தோல் வெந்ததுதான் மிச்சம். மூன்றாவது, பூசுகிற மருந்தையே பூசு. ஒரு வருஷம் ஆனால் ஆகட்டும். மாத்திரை மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே. மூத்தவள் ஒருத்தி சொன்னாள் என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 2

அண்ணிக்கு,

லேப் முடிவு வந்துவிட்டது. பூஞ்சையேதான். உங்கள் பேச்சைக் கேட்டு நகத்தை அனுப்பியதில் பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. அதைத் தப்பு சொல்லவில்லை, டாக்டரும் அனுப்பியது நல்லது என்றார்.

ஆனால் பூசுகிற மருந்து போதாதாம். நகத்தின் அடிவரைக்கும் பரவியிருக்கிறது. மேலே பூசினால் உள்ளே இறங்காது, எனக்குச் சர்க்கரையும் இருப்பதால் மாத்திரைதான் சரி என்கிறார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார். நன்றாக இருக்கிறது. மாத்திரையை வாங்கிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்.

ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சாப்பிட்டீர்கள். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறீர்கள். நான் சாப்பிடக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. நீங்கள் சொன்னால் சரி, நான் சொன்னால் தப்பு. பதினெட்டு வருஷம் அப்படித்தான் இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது.

ருசி அறையில் உங்களுக்கு 'மூத்த நாக்கு' என்று பெயர். உங்கள் மதிப்பெண்தான் அளவுகோல். மற்ற ஏழு பேரின் மதிப்பெண்ணையும் மாதக் கடைசியில் அதோடு ஒப்பிடுவார்கள். விலகினால் எச்சரிக்கை, மறுமாதமும் விலகினால் வெளியே. எனக்கு அந்த இரண்டு மாதமும் விலகியது. பதினெட்டு வருஷம் விலகாத நாக்கு ஒரேயடியாக எப்படி விலகும் என்று யாரும் கேட்கவில்லை. விசில் என்னைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். நீங்கள் மேஜையைப் பார்த்தீர்கள்.

சமையல் சோடா கூடிப்போன அந்தப் பால் பிஸ்கட் ஞாபகம் இருக்கிறதா? நான் இரண்டு தட்டு தட்டினேன். நாக்கின் அடியில் சோப்புக் கசப்பு. நீங்கள் பதிலுக்குத் தட்டவே இல்லை. தாளில் 'நன்று' என்று போட்டீர்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் என் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன், கெட்டது என் நாக்குதான் என்று நினைத்துக்கொண்டு.

பதினைந்து நாளில் மகள் கூப்பிட்டாள் என்று வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டீர்கள். வழியனுப்ப நான் வரவில்லை. அதற்கு வருத்தமும் இல்லை.

கடையை, காபியை எல்லாம் எழுதி என்னை அழவைக்க வேண்டாம். அதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் கஷ்டமே.

நாத்தனார்

*

பிப்ரவரி 9

குட்டி,

மாத்திரையை நிறுத்து. நிறுத்திவிட்டு மேலே படி.

நேற்று மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. உன் மகனைக் கூப்பிட்டு, "அம்மாவை மாத்திரை சாப்பிட வேண்டாம்னு சொல்லுப்பா" என்றேன். "ஏன் அத்தை?" என்று கேட்டான். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

அந்த மாத்திரை அபூர்வமாகச் சிலருக்கு ருசியைக் கொன்றுவிடும். எனக்குக் கொன்றது.

ஐந்தாவது வாரம். ஒரு புதன்கிழமை காலையில் பல் தேய்த்தேன். பேஸ்ட் வெறும் நுரையாக இருந்தது. சமையலறைக்குப் போய்ச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். மணலை மென்றது மாதிரி இருந்தது. உப்பைப் போட்டேன், அதுவும் மணல்தான். அன்றைக்கே விசிலிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடமும் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் டாக்டரிடமே போகவில்லை. உடை மாற்றுகிற அறையில் யாரோ சொன்ன மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ரத்தமும் பார்க்கவில்லை, நகத்தையும் சோதிக்கவில்லை.

நான் பேசாமல் போய்த் தடுப்பில் உட்கார்ந்தேன். மூக்கு இருந்தது. வெண்ணெய் மணம், வெனிலா மணம் எல்லாம் வந்தது. பல்லுக்கு மொறுமொறுப்பு தெரிந்தது. இனிப்பும் உப்பும் கசப்பும் சுத்தமாக இல்லை. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று ஏழு வாரம் உட்கார்ந்தேன். குத்துமதிப்பாக எண் போட்டேன். அந்த எண்களோடுதான் உன் நாக்கை ஒப்பிட்டார்கள்.

மற்றவர்கள் ஏன் விலகவில்லை என்று நீ கேட்பாய். அவர்களும் விலகினார்கள், கொஞ்சம் கொஞ்சம். பாதிப் பேர் நான் என்ன போடுவேன் என்று ஊகித்துப் போடுகிறவர்கள், அது உனக்கும் தெரியும். நீ ஒருத்திதான் நாக்கில் பட்டதை அப்படியே எழுதுகிறவள். அதனால் நீதான் மாட்டினாய்.

பால் பிஸ்கட் அன்றைக்கு உன் இரண்டு தட்டு எனக்குக் கேட்டது. நீ சொன்னால் அதில் கசப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னோடு சேர்ந்து 'கசப்பு' என்று போட்டிருக்கலாம். போட்டால் விசில் எல்லோரையும் உட்காரவைத்து, எந்த இடத்தில், எப்படிப்பட்ட கசப்பு என்று கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியாது. பயந்துவிட்டேன். 'நன்று' என்று போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மிச்சம் வைக்க விருப்பமில்லை. நீ உள்ளே வருவதற்கு முன்னால் விசில் என்னிடம், "உங்க நாத்தனாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "அவளுக்கு வீட்டுல கவலை ஜாஸ்தி சார்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

உன் அண்ணன் போனபிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த நாற்காலிதான். வீட்டில் நான் யாரோ ஒரு விதவை, அங்கே போனால் மூத்த நாக்கு. அதை விட மனசில்லாமல் உன் நாற்காலியைப் பிடுங்கிவிட்டேன். பிறகு உன் காலி இடத்தின் பக்கத்தில் உட்கார முடியாமல் என்னுடையதையும் விட்டேன்.

உன் நாக்கு கெடவே இல்லை குட்டி. ஒரு நாளும் கெடவில்லை.

கேட்டால் சிரிப்பாய், மூன்று மாத மாத்திரையை முடித்தும் நகம் அப்படியே இருந்தது. இங்கே வந்து ஒரு டாக்டரிடம் காட்டினேன். வெட்டி லேபுக்கு அனுப்பினார். பூஞ்சையே இல்லையாம். பூட்ஸ் இறுக்கி இறுக்கித் தடித்த நகம். அகலச் செருப்பு போட்டிருந்தால் போதுமாம்.

அண்ணி

*

பிப்ரவரி 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஆறு மாத்திரை விழுங்கியிருந்தேன். ஏழாவது மாத்திரை தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது. நிறுத்திவிட்டேன். ருசி இருக்கிறது. சர்க்கரை, உப்பு, பாகற்காய் எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

டாக்டரிடம் போய் ருசி அறை பரீட்சையைச் சொன்னேன். "பேக்கிங்னுதானே சொன்னீங்க? நாக்குதான் உங்க பிழைப்புன்னு முதல்லயே சொல்ல வேணாமா?" என்று அவர் என்னைத் திட்டினார். ருசி போவது அபூர்வம்தானாம், நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்பிவிடுமாம், சிலருக்கு வெகுநாள் ஆகுமாம். "அபூர்வம்னு நான் சொல்லலாம், நீங்க சொல்ல முடியாது" என்றார். வேறொரு வகை மாத்திரை இருக்கிறது. அது நான் கொழுப்புக்குச் சாப்பிடுகிற மருந்தோடு சேராது. கடைசியில், நகத்தை வாரா வாரம் அவரிடம் போய் ராவி மெலிதாக்கிக்கொள்வது, அதன்மேல் மருந்து பூசுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காலைத் தினம் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவந்தாலோ வீங்கினாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். குணமாகும் என்று உறுதி சொல்லவில்லை. தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன்.

நகத்தைப் பற்றி எழுதி முடித்தாயிற்று. இனி மற்றது.

மூன்று வருஷமாக என் வீட்டுச் சமையலில் நான் உப்புப் பார்ப்பதில்லை. மகனைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டுகிறேன். "அம்மாவுக்கு நாக்கு போச்சு" என்று அவன் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வான், நானும் சிரிப்பேன். பேக்கிங்கில் உடைந்த பிஸ்கட்டை எடுத்து யாராவது, "இது எப்படி இருக்கு பாருங்கக்கா" என்றால், தெரியவில்லை என்பேன். தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததை நானே நம்பவில்லை. பக்கத்துத் தடுப்பில் இருந்தவள் எழுதியதைத்தான் நம்பினேன். அம்மா செத்தபிறகு என்னை வளர்த்தவள் எழுதியது பொய்யாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

ருசி போனது உங்கள் தப்பு இல்லை. ஏழு வாரம் உட்கார்ந்ததுகூடப் புரிகிறது. 'அவளுக்கு வீட்டுல கவலை ஜாஸ்தி' என்றீர்களே, அது எனக்குத் தாங்கவில்லை.

பதில் எழுத வேண்டாம்.

*

பிப்ரவரி 24

குட்டிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள்.

ருசி அறையின் புதுத் தலைவிக்கு எழுதிவிட்டேன். உனக்கு எழுதியதையே, அழுகையை எடுத்துவிட்டுத் தேதிகளைப் போட்டு எழுதினேன். எந்த மாதத்து மதிப்பெண்கள் பொய், எந்த மாதத்திலிருந்து, எதனால் என்று. மருந்துக் கடைச் சீட்டையும் இங்கே டாக்டர் கொடுத்த தாளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற ஆசை எனக்கு வந்துவிடும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்க விருப்பமில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்லியாக வேண்டும்.

பழைய பூட்ஸைத் தூக்கிப் போடு. பூஞ்சை அதற்குள்ளேயே குடியிருக்கும், நீ எவ்வளவு பூசினாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காலுறையைச் சுடுதண்ணீரில் துவை. விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடை. நகம் வெட்டுகிற கத்தரியை உன் மகன் எடுக்க வேண்டாம்.

பரீட்சைக்கு முந்தின நாள் சரியாகத் தூங்கு. நீ சின்ன வயதில் பரீட்சை என்றால் விடிய விடிய விழித்திருப்பாய். உன் அண்ணன் எழுந்து வந்து விளக்கை அணைப்பார், நீ மறுபடி போடுவாய், அவர் மறுபடி அணைப்பார். நான் படுத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். அந்தச் சின்ன வீட்டில் நாம் மூன்று பேரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை, வேண்டியும் இருக்கவில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

தாமதமாகத்தான் எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் தாமதித்தேன்.

பரீட்சை பத்தாம் தேதி நடந்தது. பன்னிரண்டு சுற்று. சிவப்பு விளக்கைப் போட்டார்கள். முதல் தட்டை எடுத்து மென்றேன். மாவு கொஞ்சம் பழசு, இதில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், இதில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வெனிலாவால் மூடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றது. பக்கத்துத் தடுப்பில் யாரோ ஒரு சின்னப் பெண். பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பதினொன்று சரி. வந்தவர்களில் நான்தான் முதல்.

முடிவை ஒட்டிய பிறகு தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். உங்கள் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தாள். பிப்ரவரியிலேயே வந்துவிட்டதாம். பரீட்சைக்கு முன்னால் சொன்னால் உங்கள் கடிதத்தைப் பார்த்து எனக்கு இரக்கம் காட்டினார்கள் என்று ஆகிவிடும் என்று பொறுத்திருக்கிறாள். நல்ல பெண்.

"இதைப் பதிவுல ஏத்தினா அந்த ரெண்டு மாசத்துக்காக உங்க மேல இருக்கிற கரும்புள்ளி போயிடும். ஆனா அவங்க பேர் மூத்த நாக்கு பட்டியல்லேர்ந்து போகும். உள்ளே எல்லாருக்கும் தெரிஞ்சுடும். குடும்பம் வேற. நீங்க சொன்னா நான் கிழிச்சுப் போட்டுடறேன், இப்பதான் எப்படியும் தேர்வாயிட்டீங்களே" என்றாள்.

கிழித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் அண்ணன் இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே இருபத்திரண்டு வருஷம் என்று போட்டிருக்கிறது. அதில் பதினெட்டு வருஷம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. அத்தனையும் நிஜம். ஏழு வாரத்துக்காக இருபத்திரண்டு வருஷத்தை அழிப்பதா என்று இருந்தது.

அப்புறம் யோசித்தேன். கிழித்துவிட்டால் நான் உங்களுக்குப் பெருந்தன்மை காட்டியவள் ஆகிவிடுவேன். காலத்துக்கும் நீங்கள் என் முன்னால் தலை குனிந்துகொண்டு இருப்பீர்கள். பண்டிகை நாளில் வந்தால்கூட ஒரு ஓரமாக உட்காருவீர்கள். எனக்கு அது வேண்டாம். எனக்கு அதட்டுகிற அண்ணிதான் வேண்டும்.

"ஏத்துங்க" என்றேன்.

ஏற்றிவிட்டாள். என் முன்னாலேயே கோடு போட்டாள். வெளியே வந்து கழிப்பறைக்குப் போய் அழுதேன். ஜெயித்த அழுகை இல்லை, உங்கள் பெயருக்காக அழுதது. மறுநாள் உடை மாற்றுகிற அறையில் இரண்டு பேர் உங்களைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்கள். "அவங்களைப் பத்தி நான் பேசலாம், நீங்க பேசக் கூடாது" என்றேன்.

நகத்தின் அடியில் நூல் அளவு நல்ல நகம் தெரிகிறது. உடனே ஆட வேண்டாம், முழுசாக வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார் டாக்டர். கோபம் தீர எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் நிறைய இருக்கிறது. சில நாள் காலையில் பல் தேய்க்கும்போதே வந்துவிடுகிறது. கடிதத்தில் எழுதினால் கை வலிக்கிறது, முழுசாகவும் வரமாட்டேன் என்கிறது.

அதனால் மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வாருங்கள். முன் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். இங்கேயே இருந்து என்னிடம் திட்டு வாங்குங்கள்.